பாட்டுக்கா, பேச்சுக்கா

மரக்காணத்தில் எது கெட்டுப் போனாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். சைக்கிள் செயின் அறுந்தால் உப்புக்காற்று. ஃபேன் கீச்சென்று கத்தினால் உப்புக்காற்று. மருமகள் கோபித்துக்கொண்டு பொம்மையார்பாளையத்தில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டால்கூட, ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று மனுஷ மனசை மட்டும் விட்டுவைக்குமா என்று பேச நாலு பேர் இருப்பார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனாலேயே மிச்சப் பாதி நேரமும் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை.

அந்தோணிராஜும் தேடவில்லை. அவன் மனைவி மேரிசெல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாலு முறை சாயங்காலத்தில் வாட்ஸப்பில் கூப்பிடுவாள். அந்த வீட்டுக்குள் கேமரா போட்டுப் பேசக் கூடாது என்று கண்டிஷன். குரல் மட்டும்தான். அந்தக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். வால்யூமை முழுக்க ஏற்றிக் காதில் அழுத்திக்கொண்டாலும் பாதிச் சொல் விளங்காது. போனின் ஸ்பீக்கரை உப்பு தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான்.

இத்தனைக்கும் மேரிசெல்விக்கு உப்பளத்தில் வைத்திருந்த பெயர் 'சங்கு'. லாரி வந்து நின்றதும் வரப்பின் மேல் ஏறி நின்று ஒரு குரல் கொடுப்பாள். நாலு பாத்தி தள்ளி வேலை செய்கிற பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் அதை மீறிக் கேட்கும். கல்யாணமான புதிதில் அந்தோணிராஜுக்கு அது கூச்சமாக இருந்தது. "ஏன் இப்டி கத்துற, ஊரே கேக்குது" என்று சண்டைகூடப் போட்டிருக்கிறான். இப்போது அந்தக் கத்தலைத்தான் போனுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பான். பிள்ளை விஷயத்தில்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா கிளம்பும்போது ஒன்றரை வயசு. இப்போது நாலு. அவளைப் பொறுத்தவரை அம்மா போனில் பேசுகிறவள் இல்லை, போன்தான் அம்மா. சார்ஜரில் போட்டிருந்தால், "அம்மா சார்ஜ்ல இருக்குது, யாரும் தொடாதீங்க" என்பாள். ஒருநாள் அதற்கு இட்லி ஊட்டி, சட்னியைத் துடைக்க அந்தோணிராஜுக்கு அரை நாள் ஆயிற்று. பேட்டரி தீர்ந்த அன்றைக்கு, "அம்மா செத்துப் போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பால்வாடி டீச்சர், "ஒங்கம்மா எம்மாம் பெருசு?" என்று கேட்டதற்கு, உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இம்மாத்தூண்டு" என்று சொன்னாளாம். அதைக் கேட்டபோதுதான் அவனால் சிரிக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மேரிசெல்வி ஒரு மாச லீவில் வருகிறாள். ஏர்போர்ட்டில் ஆறடி தூரத்தில் யாரோ ஒரு பொம்பளை கையை நீட்டுவாள், பிரியா போனைக் கட்டிக்கொண்டு அத்தை லூர்துமேரியின் பின்னால் ஒளிந்துகொள்வாள். அந்தக் காட்சி அவன் கண் முன்னாலேயே நின்றது. அதைத் தாங்குகிற நெஞ்சு மேரிக்குக் கிடையாது. அவனுக்கும் கிடையாது.

சித்திரை வெயில். உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்கினால்தான் உண்டு; பத்து மணிக்குமேல் அந்த வெள்ளைத் தரையைக் கண் திறந்து பார்க்க முடியாது. அந்தோணிராஜ் நீளக் கழியின் முனையில் பலகை கட்டிய வாரியால் பாத்தியிலிருந்து உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்குவான். அவனுடைய அக்கா லூர்துமேரியும், மேரிசெல்வியின் கூட்டாளி வைஜெயந்தியும், இன்னும் சில பெண்களும் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் ஒழுகித் தோளெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். வேலை முடிந்து கை காலைக் கழுவிக்கொண்டு, கேழ்வரகுக் கூழையும் சுட்ட நெத்திலிக் கருவாட்டையும் வைத்துக்கொண்டு உட்காருகிற நேரத்தில்தான் பேச்சு நடக்கும்.

"அக்கா, ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டலாம்னு இருக்கேன்" என்றான் அந்தோணிராஜ்.

"இன்னாத்துக்குடா? மாதா கோயில் திருவிழாவுக்கா?" என்றாள் லூர்துமேரி.

"வூட்டுக்குதான். போன அதுல சொருவி உட்டா மேரி பேசுறது வூடு முழுக்க கேக்கும். புள்ளயும் கேக்கும்ல."

"எம் மவன் மெட்ராஸ்லேர்ந்து இதே போன்லதான பேசுறான். அவன் பேசுனா பக்கத்து வூட்டுக்கு கேக்குது. இவ பேசுனா மட்டும் ஏன்டா கேக்க மாட்டுது?"

"அது லோக்கலு அக்கா. இது கடல் தாண்டி வரணும்ல."

"கடல் தாண்டி வர்றதுக்குள்ள அதுக்கும் உப்பு ஏறிப்பூடுதுபோல" என்றாள் வைஜெயந்தி. கூழ் புரையேறுகிற அளவுக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. சங்கு இல்லாம இந்த அளமே செத்துக் கெடக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னோம். இல்லன்னா சொன்னோம்? இப்பல்லாம் லாரி வந்தா டிரைவர் வந்து தோளத் தட்டி கூப்புட வேண்டியிருக்குது" என்றாள் வைஜெயந்தி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

லூர்துமேரி விடவில்லை. "புது போன் ஒண்ணு வாங்கிட்டா தீந்துச்சு. அத உட்டுட்டு பொட்டி கட்றேன், கிட்டி கட்றேன்னு..."

"புது போனும் இம்மாத்தூண்டுதானக்கா இருக்கும்" என்றான் அந்தோணிராஜ். "அவங்கம்மா பெருசுன்னு புள்ளைக்குத் தெரியணும்."

லூர்துமேரி மிச்சக் கருவாட்டைத் தம்பியின் கூழ்க் கிண்ணத்தில் போட்டாள்.

அந்தோணிராஜ் கல்யாணத்துக்கு முன்னால் கீழ்புத்துப்பட்டில் ஒரு சவுண்ட் சர்வீஸில் இருந்தவன். பெட்டி தூக்குவதும் ஒயர் இழுப்பதும்தான் வேலை. ஆனாலும் ஈயப்பற்று வைக்கத் தெரியும். கொஞ்சம் தெரிந்தவனுக்குத்தான் குழப்பம் அதிகம். தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் வீடியோ பார்த்தான். ஒருத்தன் இந்த போர்டுதான் உலகத்திலேயே உசத்தி என்றான். அடுத்தவன் அதே போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் குப்பையில் போடுங்கள் நண்பர்களே என்றான். கடைசியில் போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐயப்பன் கடைக்குப் போனான்.

ஐயப்பன் டி.வி., மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவர். ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு வேண்டிய சாமானும் விற்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்று போர்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பட்ஜெட் சொல்லு."

"கம்மிதாண்ணா. ஆனா நல்லா இருக்கணும்."

"எல்லாரும் இதத்தான்பா சொல்றீங்க" என்றார் ஐயப்பன். "இதப் பாரு. அஞ்சு வோல்ட்டு. தீப்பெட்டி சைஸு. செல்போன் சார்ஜர்லயே ஓடும். வெல ஒரு பிரியாணிதான்."

"சத்தம் வருமா?"

"ஒரு ரூமுக்கு வரும். இது 4440 ஐசி போர்டு. நம்ம ஏரியா ஆட்டோ, டிராக்டர் எல்லாத்துலயும் பாடிகினு இருக்கிறது இதான். நாளைக்கே ஐசி பூட்டாலும் எந்தக் கடையிலயும் கெடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் தனியா வாங்கணும். இது இருக்குது பாரு, டூ பாயிண்ட் ஒன், டிரான்சிஸ்டர் போர்டு. எட்டு இஞ்சு ஊஃபர் ஸ்பீக்கர் போட்டன்னா பேஸு, அந்த தும்தும் சத்தம், நெஞ்சுல வந்து குத்தும்."

அந்தோணிராஜின் கை மூன்றின் மேலும் போய்ப் போய் வந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு யோசிக்கவில்லை.

"இன்னாப்பா யோசன? பாட்டுக்கா, பேச்சுக்கா? அத சொல்லு மொதல்ல."

கேள்வி சாதாரணக் கேள்விதான். ஆனால் பக்கத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தோணிராஜ் அவர்களை ஒரு தரம் பார்த்தான். செத்துப்போன பெண்டாட்டிக்காக ஒருத்தன் அழலாம். ஓடிப்போனவளை நடுத்தெருவில் நின்று திட்டலாம். சம்பாதிக்கப் போன பெண்டாட்டியின் குரலுக்கு ஏங்குகிறேன் என்று ஆம்பளை சொல்லிக்கொள்ள நம் ஊர்களில் இடம் ஏது?

"பாட்டுக்குதாண்ணா" என்றான்.

"அப்ப இதான் ஒனக்கு" என்று ஐயப்பன் மூன்றாவது போர்டை அவன் பக்கம் தள்ளினார்.

ஊஃபர், டிரான்ஸ்ஃபார்மர், வால்யூம் கண்ட்ரோல் என்று நினைத்ததைவிட இரண்டு பங்கு ஆனது. எல்லாவற்றையும் ஒரு பழைய ப்ளைவுட் பெட்டியில் அடைத்துக் கட்டினான். வேலை இல்லாத மத்தியானங்களெல்லாம் அதற்கே போயின. முடிந்த அன்றைக்கு, மேரிசெல்வி முந்தின வாரம் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டான். பிரியா வாசற்படியில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"பிரியாக் கண்ணு, சாப்டியா?" என்று வர வேண்டியது, ராத்திரிக் கூத்தில் ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று உறுமுகிற மாதிரி வந்தது. சொல் ஒன்றும் புரியவில்லை. அலமாரியில் இருந்த தட்டுகள் அதிர்ந்தன. பிரியா கடலையைப் போட்டுவிட்டு வீறிட்டாள். ஓடிப்போய் லூர்துமேரியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாடா கண்ணு, அம்மாதான் பேசுது" என்றான் அந்தோணிராஜ்.

"இல்ல! அம்மா இல்ல, அது பூச்சாண்டி. அம்மாவ பொட்டிக்குள்ள போடாதப்பா!"

ஒயரைப் பிடுங்கிப் போனை அவள் கையில் கொடுத்த பிறகுதான் அழுகை நின்றது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தாள். இரண்டு நாள் அந்தப் பெட்டி இருக்கிற பக்கமே போகவில்லை.

"இன்னான்னு சொல்லிடா வாங்குன அந்தாளுகிட்ட?" என்று லூர்துமேரி கேட்டாள்.

அந்தோணிராஜ் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான்.

"பாட்டுக்குன்னா சொன்ன? த்தூ, வெக்கங்கெட்டவனே. இல்ல, வெக்கம் ஜாஸ்தியா பூட்டவனே. அவ ஒனக்காவத்தான அங்க போய் யார் வூட்டு கக்கூஸையோ கழுவுறா? அவள நெனச்சி பொட்டி வாங்குறேன்னு சொல்றதுக்கு ஒனக்கு நாக்கு வரல?"

அக்கா திட்டியது அவனுக்கு நன்றாகவே உறைத்தது. மறுநாள் உப்பளத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், உப்பு பூத்த சட்டையோடு கடைக்குப் போனான். அன்றைக்கும் கடையில் ஆள் இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று நின்றான்.

"அண்ணா, அது பேச்சுக்குண்ணா."

"எது?"

"அந்த ஆம்ப்ளிஃபயரு. எங்க வூட்ல அவங்க குவைத்ல இருக்காங்க. அவங்க பேசுறது எனக்கும் எம் புள்ளைக்கும் கேக்கணும். அதுக்குத்தாண்ணா வாங்குனேன். வெக்கப்பட்டுகினு மாத்தி சொல்லிட்டேன்."

ஐயப்பன் பற்றவைக்கும் கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரி பேச்ச கொறைக்க ஒரு போர்டு வராதான்னு நான் தேடிகினு இருக்கேன். நீ ஏத்துறதுக்கு வந்து நிக்கிற" என்றார். கடையில் இருந்தவர் சிரித்தார். ஐயப்பன் சிரிக்கவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா பாதி செலவுல முடிஞ்சிருக்கும்யா. பேச்சுக்கு எதுக்கு பேஸு? பொம்பள கொரலு, அதுவும் போன்ல வர்ற கொரலு. அடில போட்டு அமுக்கிட்டன்னா எப்டி எந்திரிக்கும்? அந்த ஊஃபரையும் போர்டையும் கொண்டாந்துடு, நான் எடுத்துக்கறேன்."

கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பதிலாக அந்த 4440 போர்டையும், பரண்மேல் கிடந்த பழைய பெட்டி டி.வி. ஒன்றிலிருந்து கழற்றிய நீள்வட்ட ஸ்பீக்கரையும் ஐயப்பன் கொடுத்தார்.

"இதுல பாட்டு சுமாராத்தான் இருக்கும். ஆனா செய்தி வாசிச்சா எழுத்தெழுத்தா கேக்கும். ப்ளூடூத்து வேணாம், ஒயரே போடு. சத்தம் பொட்டில வரும், நீ பேசுறது போன் மைக்குல போவும். அப்புறம் முக்கியமா ஒண்ணு. ஈயம் பத்த வெச்ச பக்கம் நெயில் பாலீஷ் பூசிடு. இல்லன்னா நம்ம ஊரு காத்துக்கு மூணே மாசத்துல பச்ச பூத்துடும்."

நெயில் பாலீஷ் வீட்டிலேயே இருந்தது. மேரிசெல்வி கிளம்புகிற அன்றைக்கு, அங்கே போட விட மாட்டார்கள் என்று கண்ணாடி அலமாரியில் விட்டுப்போன சிவப்பு பாட்டில். மூடி இறுகிப் போயிருந்தது. வெந்நீரில் வைத்துத்தான் திறந்தான். அடியில் கெட்டியாகக் கொஞ்சம் இருந்தது. அந்த வாசனை வந்ததும் அந்தோணிராஜ் சற்று நேரம் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்புகிற வீட்டு வாசனை அது. பெட்டிக்குப் பயந்து தூரத்தில் நின்ற பிரியா, சிவப்பைப் பார்த்ததும் மெல்ல மெல்லக் கிட்டே வந்து கையை நீட்டினாள். அவளுடைய பத்து விரலுக்கும் பூசிவிட்டு, மிச்சத்தை போர்டுக்குப் பூசினான்.

சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் மேரிசெல்வியின் போன் வந்தது. லூர்துமேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தோணிராஜ் ஒயரைச் சொருகினான். அதைப் பார்த்ததும் பிரியா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க..." என்றது பெட்டி.

எழுத்தெழுத்தாகக் கேட்டது. சொல்லுக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. பின்னால் எங்கோ தண்ணீர் கொட்டுவது கேட்டது. இத்தனை நாள் இரைச்சல் என்று அவன் நினைத்ததெல்லாம் அந்தத் தண்ணீர்தான். ஆனால் குரல் மட்டும் அவன் எதிர்பார்த்த குரலாக இல்லை. பெரிதாகத்தான் இருந்தது. பெரிதாகிப்போன ரகசியப் பேச்சாக இருந்தது.

"மேரி, ஏன் இவ்ளோ மெதுவா பேசுற?"

"எப்பவும்போலத்தாங்க பேசுறேன்."

"எப்பவும் இப்டித்தான் பேசுறியா?"

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் மேரிசெல்வி சொன்னாள்: "இங்க இப்ப மத்தியானம் மூணு மணி, எல்லாம் தூங்குவாங்கங்க. பேச்சு சத்தம் கேட்டா மேடம் கோச்சுக்குவாங்க. பாத்ரூம்ல கொழாயத் தொறந்து உட்டுட்டுதான் பேசுவேன்."

"ரெண்டரை வருசமாவா?"

"சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

லூர்துமேரியின் முறம் நின்றுவிட்டது. அந்தோணிராஜ் போனைத் திருப்பிப் பார்த்தான். போனில் ஒரு கோளாறும் இல்லை. ஊரையே கூப்பிடுகிற குரலை ஒரு குளியலறைக்குள் அடக்கிவைத்திருக்கிறாள், அவன் அந்தப் பழியைத் தூக்கிக் காற்றின் மேல் போட்டுவிட்டு போர்டு தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பிரியா எங்கங்க? பிரியாக் கண்ணு..." என்றாள் மேரிசெல்வி, அதே கிசுகிசுப்பில்.

கதவுக்குப் பின்னால் ஒரு அசைவும் இல்லை.

அப்போது பெட்டிக்குள் தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. சின்ன ஆண் குழந்தை. தூக்கத்திலிருந்து எழுந்து ஆளைக் காணாமல் அழுகிற அழுகை. மேரிசெல்வி பார்த்துக்கொள்கிற பிள்ளை. குழாய் நின்றது. கதவு திறந்தது. போனை அணைக்க மறந்து பாக்கெட்டில் போட்டிருப்பாள். அழுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரலுக்கு எந்த மேடமும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"வந்துட்டேன் வந்துட்டேன்! எந்திரிச்சிட்டியா எஞ் செல்லம்? வா வா வா, இங்க வா கண்ணு, எங்கிட்ட வா!"

வீடு நிறைந்தது. வாசல் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. எதிர்வீட்டில் யாரோ, "மேரியா? எப்ப வந்தா?" என்று கேட்டது காதில் விழுந்தது. லூர்துமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவளேதான்டா" என்றாள். "அவளேதான்."

பிரியா காதிலிருந்து கையை எடுத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து தலை வந்தது. அப்புறம் ஆளே ஓடி வந்தாள். ஓடி வந்த வேகத்தில் அப்பாவைத் தாண்டி, அத்தையைத் தாண்டி, பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அண்ணாந்து, பெட்டிக்கு வெகு உயரத்தில் எதையோ பார்த்தாள். சிவப்பு நகம் பூசிய இரண்டு கையையும் தூக்கினாள்.

"வந்துட்டேம்மா."

பெட்டியில் அந்தப் பிள்ளையின் அழுகை நின்றது. தூக்கிக்கொண்டு, பாக்கெட்டில் சத்தம் கேட்டுப் போனைக் காதில் வைத்திருப்பாள். யாரைக் கூப்பிட்டாள் என்பது அந்தோணிராஜுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். பிரியாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"யாருங்க அது?" என்று மேரிசெல்வியின் குரல் வந்தது. கிசுகிசுப்பாக இல்லை, அவளுடைய சொந்தக் குரலாகவே வந்து, நடுவில் உடைந்தது. "பிரியாவா? வந்துட்டியா கண்ணு?"

"உம். தூக்கு."

தூக்கிய கை இறங்காததைப் பார்த்து அந்தோணிராஜ் குனிந்து மகளைத் தூக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ இல்லப்பா. அம்மா."